நீண்டகால வட்டி யார் கையில்? மத்திய வங்கியின் கை எவ்வளவு தூரம் நீளும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையும், அதைத் தொடர்ந்த கேள்வி பதிலும் வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில்)



இன்றைய தலைப்பு, மத்திய வங்கிகளால் நீண்டகால வட்டி விகிதத்தைக் கட்டுப்படுத்த முடியுமா என்பது. தலைப்பைக் கேட்டதும், "இது பொருளாதார நிபுணர்களின் சண்டை, நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். ஆகவே நேயர் ஒருவர் முன்கூட்டியே எழுதி அனுப்பிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

அவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருடைய மகன் அமெரிக்காவில் வேலை செய்கிறார். 2024 செப்டம்பரில் மகன் அங்கே வீடு வாங்கத் தயாராக இருந்தார். 30 ஆண்டு நிலையான வட்டிக் கடன் அப்போது சுமார் 6.1 விழுக்காடு. அந்த நேரத்தில்தான் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை அரை விழுக்காட்டுப் புள்ளி குறைத்தது. "இப்போதுதானே குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள், நாலு மாதம் பொறுத்துக்கொள் என்று நான்தான் சொன்னேன்" என்று எழுதுகிறார் ஆசிரியர். மகனும் தந்தை சொல்லைக் கேட்டுப் பொறுத்தார். மத்திய வங்கியும் நவம்பரில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை எனத் தொடர்ந்து குறைத்தது. ஆனால் 2025 ஜனவரி நடுவில் அதே வீட்டுக் கடனின் வட்டி 7 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது.

4 லட்சம் டாலர் கடன் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மாதத் தவணையில் சுமார் 237 டாலர் கூடுதல். கடைசி வரை கட்டினால் 85,000 டாலருக்கும் மேல். "வட்டியைக் குறைத்தோம் என்றவர்கள் எங்களை ஏமாற்றினார்களா? அல்லது எனக்குத்தான் விவரம் போதவில்லையா?" என்று கேட்கிறார் அந்தப் பெரியவர்.

ஐயா, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. உங்களுக்கு அறிவு குறைவும் இல்லை. மத்திய வங்கி குறைத்தது ஒரு வட்டி, உங்கள் மகன் கட்ட வேண்டியது வேறொரு வட்டி. செய்தித்தாள்கள் இரண்டுக்கும் 'வட்டி விகிதம்' என்ற ஒரே பெயரை வைத்துவிடுவதால் வந்த குழப்பம் இது.

ஓர் இரவு வட்டியும் பத்தாண்டு வட்டியும்

மத்திய வங்கி அறிவிக்கும் வட்டி, வங்கிகள் தங்களுக்குள் ஓர் இரவுக்குக் கொடுத்து வாங்கும் கடனுக்கானது. இன்று மாலை வாங்கி நாளைக் காலையில் திருப்பித் தரும் கடன். இந்த வட்டி மத்திய வங்கியின் கைப்பிடிக்குள் இருக்கிறது. காரணம் எளிது. வங்கிகள் மத்திய வங்கியில் போட்டு வைத்திருக்கும் இருப்புப் பணத்துக்கு அதுவே வட்டி தருகிறது. அங்கே பத்திரமாக 4 விழுக்காடு கிடைக்கும்போது, எந்த வங்கியும் இன்னொரு வங்கிக்கு 3 விழுக்காட்டுக்குக் கடன் தராது.

பத்தாண்டு வட்டி அப்படியல்ல. அரசாங்கம் பத்தாண்டுக் கடன் பத்திரம் வெளியிடுகிறது. ஓய்வூதிய நிதிகள், காப்புறுதி நிறுவனங்கள், வெளிநாட்டு மத்திய வங்கிகள், சாதாரண மக்கள் எனப் பலரும் அதை வாங்கி விற்கிறார்கள். அந்தச் சந்தையில் பேரம் பேசித்தான் இந்த வட்டி முடிவாகிறது. அமெரிக்காவின் வீட்டுக் கடன் வட்டி இந்தப் பத்தாண்டு வட்டியைப் பின்பற்றித்தான் நடக்கிறது.

கோப்பிக் கடையில் ஒரு சாப்பாட்டுக் கடையை வாடகைக்கு எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாத வாடகை என்றால் இன்றைய நிலவரம்தான் கணக்கு. "பத்தாண்டுக்கு ஒரே வாடகை, எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் உரிமையாளர் என்ன செய்வார்? அடுத்த பத்தாண்டில் வாடகை எப்படிப் போகும் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுவார். அந்தக் கணக்கு தவறிப்போனால் நஷ்டம் தனக்குத்தானே என்று அதன்மேல் கொஞ்சம் கூட்டியும் கேட்பார்.

நீண்டகால வட்டியிலும் இந்த இரண்டு பகுதிகள்தாம். ஒன்று, அடுத்த பத்தாண்டுகளில் குறுகியகால வட்டி சராசரியாக எவ்வளவு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. இரண்டு, அவ்வளவு காலம் பணத்தை முடக்கி வைப்பதற்குக் கேட்கும் கூடுதல். முதல் பகுதியை மத்திய வங்கி தன் பேச்சாலும் செயலாலும் ஓரளவு வழிநடத்தலாம். இரண்டாவது பகுதி பணவீக்கத்தைப் பற்றிய பயம், அரசாங்கக் கடனின் அளவு, உலகில் முதலீடு தேடும் சேமிப்பு ஆகியவற்றைப் பொறுத்தது.

அந்தக் கூடுதலை ஏன் கேட்கிறார்கள்? ஆண்டுக்கு 4 வெள்ளி வட்டி தரும் 100 வெள்ளி பத்திரம் உங்களிடம் இருக்கிறது. மறுநாளே சந்தை வட்டி 5 விழுக்காடு ஆகிவிட்டது. உங்கள் பத்திரம் ஓராண்டில் முதிர்வதாக இருந்தால் அதன் விலை சுமார் 99 வெள்ளிக்கு இறங்கும். பத்தாண்டுப் பத்திரமாக இருந்தால் சுமார் 92 வெள்ளி 30 காசுக்கு விழும். வட்டி ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும். காலம் நீள நீள இறக்கமும் பெரிதாகும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போகும் கதைகள் எல்லாம் விளங்கும்.

கட்டுப்படுத்திய காலம்: அமெரிக்கா, 1942 முதல் 1951 வரை

மத்திய வங்கியால் நீண்டகால வட்டியைக் கட்டிப்போட முடியுமா என்றால், முடியும் என்பதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்கு அமெரிக்க அரசாங்கம் பெருங்கடன் வாங்க வேண்டியிருந்தது. 1942-ல் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் ஓர் உறுதி தந்தது. அரசாங்கத்தின் நீண்டகாலப் பத்திரங்களின் வட்டி இரண்டரை விழுக்காட்டைத் தாண்ட விடமாட்டோம் என்பதே அது. எப்படிச் செய்தார்கள்? விலை இறங்கும் நிலை வந்தால் மத்திய வங்கியே வாங்கிக்கொள்ளும். அதற்கான பணத்தை அதுவே உருவாக்கும். விற்பவர் எத்தனை பேர் வந்தாலும் வாங்குபவர் ஒருவர் தயாராக நிற்கும்போது விலை எப்படி இறங்கும்?

போர் நடக்கும்வரை இது ஓடியது. அப்போது பொருள்களின் விலைக்கும் அரசாங்கக் கட்டுப்பாடு இருந்தது. போர் முடிந்து விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் 1947-ல் விலைவாசி ஆண்டுச் சராசரியில் ஏறத்தாழ 14 விழுக்காடு உயர்ந்தது. பணவீக்கத்தை அடக்க வட்டியை ஏற்ற வேண்டும். ஆனால் வட்டியை ஏற்றமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வாக்கைக் காப்பாற்றப் பத்திரம் வாங்கினால் புதிய பணம் வெளியே போகிறது. அது விலைவாசியை மேலும் ஏற்றும்.

1950-ல் கொரியப் போர் மூண்டதும் நெருக்கடி முற்றியது. அதிபர் ட்ரூமனுக்கு இதில் சொந்த அனுபவமும் இருந்தது. முதல் உலகப் போரில் படைவீரராக இருந்தபோது வாங்கிய அரசாங்கப் பத்திரங்கள் பின்னர் விலை சரிந்ததை அவர் மறக்கவில்லை. பத்திரம் வாங்கிய மக்களைக் கைவிடக் கூடாது என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1951 ஜனவரி 31-ல் மத்திய வங்கியின் கொள்கைக் குழு முழுவதையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். வட்டி உச்சவரம்பைக் காக்க அவர்கள் ஒப்புக்கொண்டதாக அரசுத் தரப்பு அறிவித்தது. குழுவின் மூத்த உறுப்பினரான மரைனர் எக்கிள்ஸ், கூட்டத்தில் உண்மையில் பேசப்பட்டதைப் பதிவுசெய்த குறிப்பைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். கடைசியில் 1951 மார்ச் 4-ல் மத்திய வங்கிக்கும் கருவூலத்துக்கும் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. மத்திய வங்கி அந்தக் கட்டிலிருந்து விடுபட்டது.

ஆக, நீண்டகால வட்டியைப் பிடித்து வைக்க முடிந்தது. ஆனால் அதைப் பிடித்தபோது பணவீக்கம் கையிலிருந்து நழுவிவிட்டது.

கட்டுப்படாத காலம்: கிரீன்ஸ்பேனின் புதிர்

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2004 ஜூனில் அமெரிக்க மத்திய வங்கி குறுகியகால வட்டியை 1 விழுக்காட்டிலிருந்து ஏற்றத் தொடங்கியது. கால் கால் புள்ளியாக 17 முறை ஏற்றி, 2006 ஜூனில் 5.25 விழுக்காட்டில் நிறுத்தியது. நீண்டகால வட்டியும் கூடவே ஏற வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. ஆனால் 2005 பிப்ரவரியில், குறுகியகால வட்டி ஒன்றரைப் புள்ளி ஏறியிருந்த நேரத்தில், பத்தாண்டு வட்டி தொடக்கத்தில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பேன் நாடாளுமன்றக் குழுவின் முன் இதை ஒரு 'புதிர்' என்றே சொன்னார்.

அடுத்த மாதமே பென் பெர்னான்கி அந்தப் புதிருக்கு ஒரு விடை சொன்னார். அது நம் வட்டாரத்தைத் தொடுகிறது. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் அடிபட்ட நாடுகள், இனி அப்படியொரு நிலை வரக்கூடாது என்று அந்நியச் செலாவணியைச் சேர்க்கத் தொடங்கின. சீனாவும் சேர்த்தது. எண்ணெய் விற்கும் நாடுகளும் சேர்த்தன. அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி அமெரிக்கப் பத்திரங்களுக்குப் போனது. வாங்குபவர் கூடியதால் விலை ஏறியது, வட்டி இறங்கியது. வாஷிங்டனில் உட்கார்ந்து ஒருவர் வட்டியை ஏற்றிக்கொண்டிருக்க, ஆசியாவின் சேமிப்பு அதை இறக்கிக்கொண்டிருந்தது. மலிவான வீட்டுக் கடன் தொடர்ந்தது. வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. 2008-ல் அது எங்கே போய் முடிந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஜப்பானின் சோதனை

2016 செப்டம்பரில் ஜப்பானிய மத்திய வங்கி அண்மைக் காலத்தின் ஆகத் துணிச்சலான முயற்சியில் இறங்கியது. பத்தாண்டு அரசாங்கப் பத்திரத்தின் வட்டியைப் பூஜ்ஜியத்தை ஒட்டி வைத்திருப்போம் என்று வெளிப்படையாக அறிவித்தது.

முதல் சில ஆண்டுகளில் வியப்பான ஒன்று நடந்தது. மத்திய வங்கி முன்பைவிடக் குறைவாகவே பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. பணவீக்கம் இல்லாத நாட்டில், "தேவைப்பட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குவோம்" என்ற வாக்கே போதுமானதாக இருந்தது. சந்தை அதை நம்பியது.

2022-ல் உலகெங்கும் விலைவாசி ஏறியபோது நம்பிக்கை ஆட்டம் கண்டது. மற்ற நாடுகள் வட்டியை ஏற்ற, ஜப்பான் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. வாக்கைக் காப்பாற்ற அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் மட்டும் சுமார் 16 டிரில்லியன் யென்னுக்குப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. அரசாங்கப் பத்திரங்களில் ஏறக்குறைய பாதி மத்திய வங்கியின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. 2022 அக்டோபரில் சில நாள்கள் பத்தாண்டுப் பத்திரத்தை வாங்கவும் விற்கவும் சந்தையில் ஆளே இல்லை. யென் ஒரு டாலருக்கு 150-க்கும் கீழே சரிந்தது. எரிபொருளையும் உணவையும் வெளியிலிருந்து வாங்கும் நாட்டில் அந்தச் சரிவின் சுமையைச் சுமந்தது சாதாரணக் குடும்பங்கள்தாம்.

2022 டிசம்பரில் வட்டி வரம்பை அரை விழுக்காட்டுக்குத் தளர்த்தினார்கள். 2023-ல் மேலும் இரு முறை தளர்த்தி, 2024 மார்ச் 19-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். 2025-ல் அந்த வட்டி ஒன்றரை விழுக்காட்டைத் தாண்டியது.

2024-ல் அமெரிக்காவில் நடந்தது என்ன?

இப்போது ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன்.

2024 செப்டம்பர் 18-ல் வட்டி குறைக்கப்படும் என்பது சந்தைக்கு முன்பே தெரியும். எதிர்பார்த்த குறைப்புகள் அனைத்தும் பத்தாண்டு வட்டியில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்தன. அதனால்தான் அது அறிவிப்புக்கு முன்பே சுமார் 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. மகன் வீட்டுக் கடன் விசாரித்தபோது கண்ட 6.1 விழுக்காடு, வரப்போகும் குறைப்பையும் சேர்த்த விலை.

பிறகு வேலைவாய்ப்பு நிலவரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. "அப்படியானால் வட்டியை நினைத்த அளவுக்குக் குறைக்கமாட்டார்கள்" என்று சந்தை தன் கணக்கைத் திருத்தியது. அரசாங்கக் கடன் 36 டிரில்லியன் டாலரைத் தாண்டியது. கடன் கொடுப்போர் கூடுதல் கேட்டார்கள். மூன்று முறையில் மத்திய வங்கி மொத்தம் ஒரு புள்ளி குறைத்தபோது, பத்தாண்டு வட்டி ஒரு புள்ளிக்கு மேல் ஏறி, 2025 ஜனவரியில் 4.8 விழுக்காட்டை நெருங்கியது.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வட்டி விகிதத்தை வைத்து அல்ல, வெள்ளியின் நாணய மாற்று விகிதத்தை வைத்தே பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. பணம் தடையின்றி வந்து போகும் சிறிய நாட்டில் நாணய மாற்று விகிதத்தையும் வட்டியையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் இங்கே குறுகியகால வட்டியும் பெரும்பாலும் உலக வட்டியை, அதிலும் அமெரிக்க வட்டியைப் பார்த்தே அசைகிறது. முன்பு 'சைபோர்' என்றும் இப்போது 'சோரா' என்றும் உங்கள் வங்கிக் கடிதத்தில் வரும் விகிதம் இப்படி அசைவதுதான்.

மலேசியாவில் நிலை வேறு. பேங்க் நெகாரா ஓர் இரவுக் கொள்கை விகிதத்தை அறிவிக்கிறது. 2025 ஜூலையில் அதை 3 விழுக்காட்டிலிருந்து 2.75 ஆகக் குறைத்தது. அது உங்கள் மாறும் வட்டி வீட்டுக் கடனைத் தொடும். ஆனால் மலேசிய அரசாங்கத்தின் பத்தாண்டுப் பத்திர வட்டியை அங்கும் சந்தைதான் முடிவு செய்கிறது.

மசேநி சிறப்புக் கணக்கு, மெடிசேவ் கணக்கு ஆகியவற்றின் வட்டியும் சிங்கப்பூர் அரசாங்கத்தின் பத்தாண்டுப் பத்திரத்தோடு பிணைக்கப்பட்டதே. அந்தப் பத்திரத்தின் ஓராண்டுச் சராசரி வட்டியுடன் ஒரு புள்ளி கூட்டிக் கணக்கிடுகிறார்கள். 4 விழுக்காடு குறைந்தபட்ச வரம்பு இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. 2023-ன் கடைசிக் காலாண்டில் அது 4.04 ஆனபோதுதான் பலருக்குத் தெரிய வந்தது. உலக நீண்டகால வட்டி ஏறியது நம் ஓய்வுகாலச் சேமிப்பையும் தொட்ட தருணம் அது.

கேள்வி பதில்

*பார்வையாளர் (வங்கி ஊழியர்):* மத்திய வங்கி உறுதியாக அறிவித்தாலே போதும், வாங்கவே தேவையில்லை என்கிறீர்களா?

நம்பும்வரை போதும் அம்மா. ஆஸ்திரேலிய மத்திய வங்கி 2020 மார்ச்சில் மூன்றாண்டுப் பத்திரத்தின் வட்டிக்கு 0.25 விழுக்காடு இலக்கு வைத்தது. பின்னர் 0.10 ஆக்கியது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு சந்தை கட்டுப்பட்டது. 2021 அக்டோபரில் பணவீக்கப் புள்ளிவிவரம் கூடுதலாக வந்ததும் "இவர்கள் வட்டியை ஏற்றியே ஆக வேண்டும்" என்று சந்தை முடிவு கட்டிவிட்டது. நவம்பர் 2-ல் இலக்கு கைவிடப்பட்டது. வாக்கும் பொருளாதார நிலவரமும் ஒரே திசையில் போகும்போது வாக்குக்கு வலிமை உண்டு. எதிர்த்திசையில் போனால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

*பார்வையாளர் (சிறுதொழில் நடத்துபவர்):* அரசாங்கங்களின் கடன் இவ்வளவு பெருகிவிட்டதே. நீண்டகால வட்டியைக் குறைத்து வை என்று மத்திய வங்கியை வற்புறுத்தமாட்டார்களா?

நியாயமான பயம் ஐயா. 1951-ல் ட்ரூமன் காலத்துச் சண்டையும் அதுதான். ஆனால் சந்தை எவ்வளவு விரைவில் திருப்பி அடிக்கும் என்பதற்கு 2022 பிரிட்டன் சான்று. செப்டம்பர் 23-ல் வருமானத்துக்கு வழி காட்டாமல் பெரும் வரிக் குறைப்பை அரசாங்கம் அறிவித்தது. சில நாள்களில் 30 ஆண்டு வட்டி 5 விழுக்காட்டைத் தொட்டது. ஓய்வூதிய நிதிகள் ஆட்டம் கண்டன. 28-ஆம் தேதி இங்கிலாந்து வங்கி இறங்கிப் பத்திரம் வாங்க வேண்டியதாயிற்று. ஆனால் அக்டோபர் 14 வரைதான் என்று முதலிலேயே கெடு வைத்தது. அந்தக் கெடுதான் முக்கியம். பீதியைத் தணிக்க இறங்குவது வேறு, அரசாங்கத்தின் கடனை மலிவாக்க இறங்குவது வேறு. இரண்டாவதில் இறங்கினால் அந்தச் செலவைப் பணவீக்கமாகக் கட்டுவது நீங்களும் நானும்தான்.

*பார்வையாளர் (இல்லத்தரசி):* அப்படியானால் வீட்டுக் கடனுக்கு நிலையான வட்டியா, மாறும் வட்டியா?

அடுத்த ஆண்டு வட்டி எங்கே இருக்கும் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள் அம்மா. கிரீன்ஸ்பேனுக்கே புதிராக இருந்த விஷயம் இது. இரண்டு கேள்விகளை உங்களையே கேளுங்கள். வட்டி ஒன்றரை, இரண்டு புள்ளி ஏறினால் மாதத் தவணையை நம் குடும்பம் தாங்குமா? தாங்காது என்றால் நிலையான வட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுப்பது காப்புறுதி போன்றது. வங்கி இன்று சொல்லும் நிலையான வட்டியில் வரப்போகும் குறைப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா? பெரும்பாலும் சேர்ந்திருக்கும். செய்தியில் 'வட்டி குறையப்போகிறது' என்று நாம் படிக்கும்போது, பத்திரச் சந்தை அதைப் படித்து முடித்திருக்கும்.

முடிவாக

மத்திய வங்கிகளால் நீண்டகால வட்டியைக் கட்டுப்படுத்த முடியுமா? பணவீக்கம் அடங்கியிருந்து, மக்களும் நம்பினால், கணிசமாக வழிநடத்த முடியும். நம்பிக்கை குலைந்த பிறகும் பிடித்து வைக்க வேண்டுமென்றால் அதுவும் முடியும். ஆனால் அதற்காக விலைவாசியையோ நாணய மதிப்பையோ விட்டுக்கொடுக்க நேரிடும். 1951-ல் அமெரிக்காவும் 2024-ல் ஜப்பானும் அந்த விலையைப் பார்த்த பிறகே கட்டை அவிழ்த்தன.

ஆசிரியர் ஐயா, நீங்கள் மகனுக்குச் சொன்னது கெட்ட யோசனை அல்ல. அன்று உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த 237 டாலரை நினைத்து நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். வட்டி பின்னர் இறங்கினால் கடனை மாற்றி எழுதிக்கொள்ளும் வழி அமெரிக்காவில் உண்டு, செலவுக் கணக்கைப் பார்த்துக்கொண்டு மகன் அதைச் செய்யலாம். அடுத்த முறை "மத்திய வங்கி வட்டியைக் குறைத்தது" என்ற செய்தியைப் பார்த்தால், "எந்த வட்டியை?" என்று மட்டும் இருவரும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.